அம்மா நடத்திய சீட்டை நான் எடுத்து நடத்தலாமா? என்னை எதற்காக நம்புகிறார்கள்?

நொய்யல்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மா திருப்பூரில் எங்கள் தெருவில் 23 வருஷமாக ஏலச்சீட்டு நடத்துகிறார். ஆரம்பத்தில் மாதம் 200 ரூபாய்ச் சீட்டு, இப்போது 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் 1 லட்சம், 20 மாதம். முதல் மாதப் பணம் சீட்டு நடத்துகிறவருக்கு. அப்புறம் மாதாமாதம் 10-ஆம் தேதி சாயந்திரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏலம். அவசரம் உள்ளவர் அதிகம் தள்ளி, அதாவது மொத்தத்தில் அதிகத் தொகையை விட்டுக்கொடுத்து, எடுப்பார். 22,000 தள்ளினால் அவருக்குக் கையில் 78,000, தள்ளிய 22,000 இருபது பேருக்கும் பங்காகப் பிரிந்து ஆளுக்கு 1,100 கழியும், அந்த மாதம் 3,900 கட்டினால் போதும்.

கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள். டெய்லர், செக்கிங், அயர்ன். சனிக்கிழமை சம்பளம் என்பதால் தவணையை நாலாகப் பிரித்து வாரா வாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா கோடு போட்ட நீள நோட்டில் எழுதிக்கொள்வார். ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது, ஒருத்தரும் கேட்டதும் கிடையாது. "அக்கா கை சுத்தம்" என்பார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது 64. சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. இந்தச் சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். உடனே எல்லாரும், "நிறுத்தாதீங்க அக்கா, உங்க பொண்ணு நடத்தட்டும்" என்றார்கள். நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், கணக்குக்குப் பயப்படவில்லை. ஆனால் என்னிடம் எதைப் பார்த்து நம்புகிறார்கள்? நான் ஒரு ரூபாய் வாங்கித் திருப்பிக் கொடுத்ததை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோது நடந்துகொண்டிருந்த சீட்டில், ஏற்கெனவே பணம் எடுத்துவிட்ட ஐந்து பேரால் கட்ட முடியவில்லை. சீட்டு முடிய இன்னும் 11 மாதம் இருந்தது. மூன்று பேர் தாமதமாகக் கட்டிவிட்டார்கள். சொந்த ஊருக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை. அந்த இரண்டு பேரின் தவணையையும் பதினொரு மாதமும் அம்மாவே கட்டியிருக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அடகுக் கடை வரவு எழுதியிருக்கிறது. ஐந்து பவுன் சங்கிலி. அது வங்கி லாக்கரில் இருக்கிறது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வட்டி ஏறி 2022-இல் ஏலத்தில் போய்விட்டது.

சீட்டுக்காரர் யாருக்கும் இது தெரியாது. "கொரோனா சமயத்தில்கூட அக்கா சீட்டு ஒரு நாள் தள்ளிப் போகவில்லை" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்கள் நம்புவது அம்மாவையா, அவர்களுக்குத் தெரியாத அந்தச் சங்கிலியையா? அப்படி ஒரு நிலை வந்தால் நான் நகையை வைக்க மாட்டேன், எனக்கு இரண்டு குழந்தைகள். அது தெரிந்தே அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவர்களை ஏமாற்றுகிறேனா?

கொங்குத்தறி

ரொம்ப யோசிக்கிறீர்கள் அக்கா. அம்மா பெயர் இருக்கிறது, தைரியமாக எடுத்து நடத்துங்கள். 23 வருஷத்துப் பெயர் ஒரு நாளில் வருமா?

நொய்யல்_மகள்

அந்தப் பெயர் அவருடையது என்பதுதான் தம்பி என் கஷ்டமே.

ஓய்வுபெற்ற_குமாஸ்தா

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, வருத்தப்பட வேண்டாம். 1982-ஆம் வருடச் சிட்ஃபண்ட் சட்டப்படி முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது குற்றம். தெருவுக்குத் தெரு நடக்கிறது என்பது வேறு விஷயம். 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தனி ஒருவர் நடத்தக்கூடிய சீட்டின் உச்ச அளவு 1 லட்சத்திலிருந்து 3 லட்சமானது, நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் வரை போகலாம் என்றானது. நீங்கள் சொல்லும் அளவு தனி ஆளாகவே பதிவு செய்து நடத்தக்கூடியதுதான். பதிவாளரிடம் ஜாமீன் காட்ட வேண்டும். அலைச்சல் இருக்கும், ஆனால் முடியாத காரியம் இல்லை.

இரண்டாவது, நீதிமன்றத்தில் முப்பது வருடம் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் எனக்குப் புரிந்த ஒன்று. மோசடி வேறு, நம்பிக்கை மோசடி வேறு. பழைய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான 420 எல்லாருக்கும் தெரியும், நம்பிக்கை மோசடிக்கான 405, 406 அவ்வளவாகத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் நம்பிக்கை மோசடி 316-ஆம் பிரிவு. மோசடியில் ஆரம்பத்திலேயே பொய் சொல்லிப் பணத்தை வாங்குகிறான். நம்பிக்கை மோசடியில் அப்படியில்லை, கொடுத்தவர் சரியாகத்தான் கொடுத்தார், வாங்கியவரும் அன்றைக்கு நல்லவராகவே இருந்திருக்கலாம். அங்கே வழக்கு தொடங்குவதே "ஒப்படைத்தார்களா?" என்ற கேள்வியில்தான். ஒப்படைத்ததை எதற்காக ஒப்படைத்தார்களோ அதற்கு மாறாக, நேர்மையில்லாமல் தொட்டால் குற்றம்.

உங்கள் அம்மா ஒப்படைத்ததைத் தொடவில்லை, தன்னுடையதைப் போட்டார். அது குற்றத்துக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் சட்டம் அதை யாரிடமும் எதிர்பார்க்கவில்லை, உங்களிடமும்தான்.

வைப்புத்தொகை_மகன்

இந்த இழையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது, சொல்லாமல் போக முடியவில்லை.

என் அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1990-களில் சென்னையில் 24 சதவீதம், அதற்கும் மேல் வட்டி தருகிறோம் என்று பைனான்ஸ் கம்பெனிகள் தெருவெங்கும் இருந்தன. அப்பா ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியை ஒன்றில் போட்டார். ஏன் போட்டார் என்று பின்னாளில் கேட்டபோது அவர் வட்டியைச் சொல்லவில்லை. அந்த முதலாளி கோயிலில் முன்வரிசையில் நிற்பார், நெற்றி நிறைய விபூதி, வாசல் வரை வந்து கையைப் பிடித்து வழியனுப்புவார், அதைச் சொன்னார். ஒருமுறை மட்டும் அப்பா, பணத்தை எதில் முதலீடு செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் முகம் வாடி, "என் மேல் நம்பிக்கை இல்லையா சார்?" என்றாராம். கேட்டதற்காக அப்பா வெட்கப்பட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். ஒரு வருடத்தில் கதவில் பூட்டு. அந்த மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அழுத பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டமே வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல். கணக்குக் கேட்டால் ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். உங்கள் அம்மாவைத் தவறாகச் சொல்லவில்லை, அவர் செய்ததை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் 23 வருஷம் யாரும் நோட்டைப் பார்க்கக் கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதே பழக்கத்தில் அவர்கள் அடுத்த வீட்டில் வேறொரு ஆளிடமும் கேட்காமல் கொடுப்பார்கள்.

பெட்டியடிப்_பேரன்

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. கணக்குக் கேட்பது அவமானம் என்ற எண்ணமே நம் பழக்கத்தில் கிடையாது, இடையில் வந்தது.

என் தாத்தா செட்டிநாட்டுப் பக்கம். சின்ன வயதில் பர்மாவுக்கு ஒரு நகரத்தார் லேவாதேவிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். பணப்பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து எடுபிடி வேலை செய்கிற பையன். அதிலிருந்து அடுத்தாள் ஆனார். அதற்கு மேல் மேலாள், அவர்தான் முதலாளிக்குப் பதிலாகக் கடையை நடத்துகிறவர். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், பணம் ரங்கூனில் இருக்கும், இடையில் கடல். மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஐந்தொகை, அதாவது வரவு செலவு, இருப்பு எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு, போட்டு, பொறுப்பை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும்.

தாத்தா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஐந்தொகை முதலாளிக்காகப் போடுவது என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. "கணக்கை ஒப்படைச்சுட்டு இறங்கினாத்தான் ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கலாம், இல்லேன்னா சாகுற வரைக்கும் ஒருத்தன் சந்தேகமாப் பார்ப்பான், நாமளும் நம்மைச் சந்தேகப்படுவோம்" என்பார். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். கடைசிக் கணக்கை ஒப்படைக்க முடியவில்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது. நடந்து வந்த கஷ்டத்தைவிட அதைத்தான் அதிகம் பேசுவார்.

நாணயம் என்ற சொல்லையே பாருங்கள். காசுக்கும் அதுதான் பெயர், நேர்மைக்கும் அதுதான் பெயர். காசை வாங்கும்போது சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், காசு கோபித்துக்கொள்ளாது.

ஸ்கார்பரோ_அக்கா

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் ஸ்கார்பரோ. இஞ்சயும் எங்கட சனம் சீட்டு விடாமல் பிடிக்கினம். வந்த புதுசில் வங்கி கடன் தராது, கல்யாணம், ஊருக்குக் காசு அனுப்புறது, வீட்டுக்கு முன்பணம் எல்லாம் சீட்டுக் காசில்தான் நடந்தது. நானும் ஏழு வருசம் பிடித்தனான்.

தங்கச்சி, உங்கட அம்மாவின் இடத்தில் நானும் நின்றிருக்கிறன், ஆனால் நான் செய்தது வேற. இரண்டாம் மாதமே கழிவு கூடக் கேட்டு எடுத்த ஒருவர் நாலு மாதத்தில் வீடு மாறிப் போய்விட்டார், போனும் இல்லை. அன்று இரவே பதினைந்து பேருக்கும் எடுத்துச் சொன்னன். இரண்டு பேர் பேசின பேச்சை இப்பவும் மறக்க ஏலாது. மூன்று பேர் அடுத்த மாதத்தோட கட்டுறதை நிற்பாட்டிப் போட்டினம், அவையும் ஏற்கெனவே எடுத்த ஆட்கள்! மிச்ச ஆட்களுக்கு நட்டத்தைப் பகிர்ந்துதான் சீட்டை முடித்தம்.

உண்மையைச் சொன்னதால் சீட்டு முறிந்தது. இதை நான் மறைக்க விரும்பேல்லை, ஏனெண்டால் இஞ்ச எல்லாரும் "வெளிப்படையாக இருங்கோ" என்று லேசாகச் சொல்லினம். வெளிப்படையாக இருந்தால் என்ன நடக்கும் என்று உங்கட அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவாவிடம் ஒருக்கால் கதைத்துப் பாருங்கோ.

நொய்யல்_மகள்

ஸ்கார்பரோ அக்கா, நீங்கள் சொன்ன பிறகு நேற்று ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னதும் முதலில் கோபம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எடுத்தவன்தான் மொதல்ல நிறுத்துவான் கண்ணு. ரெண்டு பேர் கட்டலைன்னு தெரிஞ்சா, நான் மட்டும் எதுக்குக் கட்டோணும்னு நாலு பேர் நிப்பான். கடேசில எடுக்கலாம்னு பொறுத்துப் பொறுத்துக் கட்டுனவங்கதான் நடுத்தெருவுல நிக்கோணும். அவங்க தள்ளாம முழுசா எடுக்கோணும்னு வாயக் கட்டி வயித்தக் கட்டி இருந்தவங்க."

அதற்கு நீ ஏன் நகையை வைக்க வேண்டும் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "அந்த இருவது பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. அவங்களுக்கு என்னைத்தான் தெரியும். நான் ஓட மாட்டேன்னு நம்பிக் கட்டல, நான் சேக்குற ஆளு ஓட மாட்டான்னு நம்பிக் கட்டுனாங்க. நான் சேத்த ஆளு ஓடிட்டான். அப்ப அது என்ற கடன்தானே?"

நான் இதை ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. நான் திருட மாட்டேன் என்பதோடு என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அம்மா கணக்கில் அது ஆரம்பம்கூட இல்லை. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது, யாருக்கு எந்த மாதம் எடுத்தால் கட்ட முடியும் என்று பார்க்கிற கண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள். 23 வருஷத்தில் அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அறுபது எழுபது இருக்கும் என்றார், அதில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர். மாமா எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்த அந்த நாலு வருஷத்துக்குக் காரணம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தமிழாசிரியர்_ஈரோடு

உங்கள் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன், மனம் பாடத்தில் இல்லை.

குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். பழந்தமிழில் நம்புவதற்கு ஒரு சொல் தெளிதல். கலங்கிய தண்ணீர் தெளிகிறது என்கிறோமே, அதே சொல். பார்த்து, சோதித்து, கலக்கம் அடங்கிய பிறகு வருவது. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம். உங்களை அந்த ஜனங்கள் இன்னும் ஆராயவில்லை. அம்மா மேல் வைத்ததைப் பழக்கத்தால் உங்கள் மேல் ஏற்றுகிறார்கள். அதனால் பெரிய சீட்டில் போய் உட்காராதீர்கள். மாதம் 1,000, பத்துப் பேர், பத்து மாதம் என்று சின்னதாக ஆரம்பியுங்கள். அவர்களும் உங்களைப் பார்க்கட்டும், நீங்களும் அவர்களைப் பாருங்கள்.

வைப்புத்தொகை_மகன்

ஐயா சொல்வது சரி, ஆனால் ஒன்று. எல்லாம் நன்றாகப் போகிற பத்து மாதத்தில் யாரையும் ஆராய முடியாது. என் அப்பாவுக்கும் முதல் இரண்டு வருடம் வட்டி தேதி தவறாமல் வந்தது. அதைப் பார்த்துத்தான் மீதிப் பணத்தையும் போட்டார்.

கஷ்ட காலத்தில் இவர் என்ன செய்வார் என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். "யாராவது ஓடினால் நான் நகையை வைக்க மாட்டேன், நட்டம் இப்படித்தான் பிரியும்" என்று முதல் நாளே சொன்னால், ஏமாற்றுகிறேனா என்ற உங்கள் கேள்விக்கே இடமில்லையே.

கொங்குத்தறி

அப்படிச் சொன்னால் யார் சேருவார்கள் அண்ணா?

வைப்புத்தொகை_மகன்

சேருகிறவர்கள் சேரட்டும் தம்பி. தெரிந்து சேர்ந்த ஐந்து பேர் போதும்.

நொய்யல்_மகள்

ஆறு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எழுதியதற்கெல்லாம் மரியாதை இல்லை.

பழைய சுற்று முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் திண்ணைக்குக் கூப்பிட்டோம். 2020-இல் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் முன்பே கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு வாரம் மறுத்தார், அப்புறம், "சரி, நான் உள்ளே இருந்துக்கறேன்" என்றார். நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்து முழுசாகச் சொன்னேன். அம்மா செய்ததை என்னால் செய்ய முடியாது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் அயர்ன் வேலை பார்க்கிற ஒரு அம்மா, எங்கள் சீட்டில் முதல் சுற்றிலிருந்தே இருப்பவர், சொன்னார்: "அந்த வருஷம் ஆடி மாசமே பார்த்தேன் சாமி, அக்கா கழுத்துல சங்கிலி இல்ல. கேட்டா சங்கடப்படுவாங்கன்னு கேக்கல." இன்னொருவர், "எனக்கும் தெரியும்" என்றார். அந்தச் சங்கிலி எங்கே போனது என்று தெரிந்தே, ஆறு ஏழு பேர் அதற்குப் பிறகு ஒரு தவணையும் தவறவிடாமல் கட்டியிருக்கிறார்கள். அம்மா அவர்களுக்காக மறைத்தார், அவர்கள் அம்மாவுக்காகத் தெரியாதது போல இருந்திருக்கிறார்கள். உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

பழைய இருபது பேரில் எட்டுப் பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் இரண்டு பேர், நட்டம் பிரியும் என்றால் வங்கியிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் நியாயம்தான். சேர வந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேரைச் சேர்க்கவில்லை. ஒருவருக்கு வேறு இடத்தில் வாரக் கடன் இருக்கிறது என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதுதான் இதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை. முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. அம்மா அறுபது எழுபது முறை இதைச் செய்திருக்கிறார்.

மாதம் 1,000, பத்துப் பேர். குமாஸ்தா ஐயா சொன்னபடி பதிவு வேலையை முடிக்கவே ஐந்து மாதம் ஓடிவிட்டது, ஜாமீனுக்கு வங்கியில் பணமும் வைத்தாயிற்று. வாரா வாரம் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று ஏற்பாடு. சிலரிடம் அந்த மாதிரி போன் இல்லை, அவர்களுக்குச் சின்ன அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமைதான் முதல் வசூல். அந்த அயர்ன் அம்மா 250 ரூபாய் கொண்டுவந்தார். நான் எழுதி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். அட்டையைக் கையில் வாங்கிய பிறகும் போகவில்லை. "நோட்டைக் கொஞ்சம் இப்பிடித் திருப்பு கண்ணு" என்றார். அம்மாவிடம் அவர் 23 வருஷத்தில் ஒருமுறைகூட இப்படிக் கேட்டதில்லை. திருப்பிக் காட்டினேன். இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு நேரே விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "செரி, அடுத்த வாரம் வாரேன்" என்று போனார்.